சுவின் பருத்தி

சுவின், கோயம்புத்தூரில் உருவாக்கப்பட்டு 1974இல் வெளிவந்த மிக நீண்ட இழைப் பருத்தி ரகம். இந்திய மண்ணில் விளைந்த பஞ்சில் மென்மைக்கும் நீளத்துக்கும் இதை விஞ்சியது அரிது.

நாட்டுப் பிரிவினையில் சிந்து, மேற்குப் பஞ்சாபின் பாசனப் பருத்தி நிலங்கள் பாகிஸ்தானுக்குப் போயின. சன்ன நூல் நூற்ற ஆலைகள் எகிப்து, சூடான் பஞ்சை எதிர்பார்த்து நின்றன. இந்த நிலையில், 1967இல் தொடங்கிய அகில இந்திய ஒருங்கிணைந்த பருத்தி மேம்பாட்டுத் திட்டத்துக்குக் கோவை தலைமையிடமானது.

சுவினின் பெற்றோர் இருவர்: எகிப்தின் கார்னக் பருத்தியிலிருந்து தேர்ந்தெடுத்த சுஜாதா, கரீபியத் தீவுப் பருத்தியான செயின்ட் வின்சென்ட். ஒட்டுச் சேர்ப்பது விரல் நுனி வேலை. மறுநாள் மலரவிருக்கும் மொட்டை மாலையிலேயே கண்டறிந்து, இதழ்களையும் மகரந்தப் பைகளையும் நகத்தால் கீறி நீக்கி, சூல்முடியைக் காகித உறையால் மூடுவார்கள். மறுநாள் காலை மற்றச் செடியின் மகரந்தத்தை அதில் தடவி, காம்பில் நூல் கட்டி அடையாளம் வைப்பார்கள். உண்மையான உழைப்பு அதற்குப் பிறகுதான். முதல் தலைமுறைச் செடிகள் ஒன்றுபோல் இருக்கும். இரண்டாம் தலைமுறையில் குணங்கள் பிரிந்து சிதறும். செடிசெடியாக இழையை அளந்து, நல்லவற்றின் விதையை மட்டும் மீண்டும் விதைத்து, குணம் நிலைக்கும் வரை பல தலைமுறை காத்திருக்க வேண்டும்.

இதற்கு மாறாக, 1972இல் தார்வாடில் வெளிவந்த வரலட்சுமிப் பருத்தி இரண்டு வெவ்வேறு இனங்களைச் சேர்த்த வீரிய ஒட்டு. அதன் விதையை ஆண்டுதோறும் புதிதாக உண்டாக்க வேண்டும். சுவினின் பெற்றோர் இருவருமே பார்படென்ஸ் என்ற ஒரே பருத்தி இனம். குணம் நிலைத்த ரகம் என்பதால் விளைச்சலிலிருந்தே உழவர் விதை எடுத்துவைக்கலாம். சுவினின் பெரிய சிறப்பு இதுவே.

இதன் இழை சுமார் 38 முதல் 40 மில்லிமீட்டர் நீளம். 120 கவுண்ட் அளவுக்குச் சன்னமான நூல் நூற்கலாம். அந்தக் கணக்கில் ஒரு பவுண்டு நூலைப் பிரித்து நீட்டினால் 1,00,800 கஜம், ஏறத்தாழ 92 கிலோமீட்டர் வரும்.

இவ்வளவு இருந்தும் பரப்பு சுருங்கியது. பயிர்க்காலம் நீளம், காய் சிறிது, எடுப்புக் கூலி அதிகம், விளைச்சல் குறைவு. இழைக்குரிய விலை எல்லா ஆண்டும் கிடைக்காதபோது உழவர்கள் வீரிய ஒட்டுகளுக்கு மாறியதில் குற்றம் சொல்ல ஏதுமில்லை. அக்கம்பக்கத்தில் வேறு பருத்தி பெருகப் பெருக விதைத் தூய்மை காப்பதும் கடினமாகிறது. தேனீக்கள் அயல் மகரந்தத்தைக் கொண்டுவந்துவிடும் என்பதால் சுவின் விதை வயலைப் பிற பருத்தி வயல்களிலிருந்து விலக்கியே அமைக்க வேண்டும்.