இரண்டு ஓடுகள்

ஆளி என்ற கடற்சிப்பிக்கும் ஓடு, வீட்டுக் கூரைக்கும் ஓடு. தமிழில் ஒரே சொல். நெதர்லாந்தின் ஸேலாண்ட் மாகாணத்து யெர்சிகே கிராமம் அந்த இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் பணம் பார்த்தது.

1870-ல் ஊருக்கு எதிரே கிடக்கும் ஆஸ்டர்ஸ்கெல்டே கடற்கழியின் அடித்தரையை அரசு துண்டு போட்டுக் குத்தகைக்கு விட்டது. வளர்ப்பவர்கள் கூரை ஓடுகளைச் சுண்ணாம்பில் முக்கி நீருக்குள் அடுக்கினார்கள். மிதந்து திரியும் ஆளிக்குஞ்சு கெட்டியான இடம் கிடைத்தால் ஒட்டிக்கொள்ளும். சுண்ணாம்புப் பூச்சு இருந்ததால் பிறகு சேதமில்லாமல் சுரண்டி எடுக்க முடிந்தது. எவ்வளவு எளிய தந்திரம்!

கரையோரத்துப் பழைய ஆளித் தொட்டிகளின் அருகே நெடுநேரம் நின்றேன். விற்பனைக்கு முன் ஆளிகள் மணலைக் கக்கிச் சுத்தமாவது இவற்றில்தான்.

1962-63 குளிர்காலம் உறையவைத்ததில் ஆளிகள் பெரும்பாலும் செத்தன. 1964-ல் ஜப்பானிய ஆளியைக் கொண்டுவந்தார்கள். இந்தக் குளிர்ந்த நீரில் அது இனம் பெருக்காது என்று நம்பினார்கள். பெருக்கியது, இன்று கழியெங்கும் அதுதான்.

அதைவிடப் பெரிய கண்டமும் வந்தது. 1953 வெள்ளம் நாட்டில் 1,836 பேரைக் கொன்றபின், கழியின் வாயை அணை கட்டி அடியோடு அடைக்கத் திட்டமிட்டார்கள். உப்பு நீரும் ஓதமும் போனால் ஆளியேது, மட்டியேது? மீனவர்களும் இயற்கை ஆர்வலர்களும் விடாமல் எதிர்த்தார்கள். கடைசியில் 62 மதகுகளோடு ஒரு தடுப்பு எழுந்தது, 1986-ல் திறந்துவைத்தார்கள். புயல் எச்சரிக்கை வந்தால் மட்டும் மதகுகள் இறங்கும். மற்ற நாளெல்லாம் கடல் வழக்கம்போல உள்ளே வந்து போகிறது.