அனார்க்கி என்னும் சொல்லும் திண்டுக்கல் சீமையும்

ஆங்கிலேயர் வரைந்த தென்னாட்டு வரலாறுகளைப் படிப்போர் ஒரு சொல்லை அடிக்கடி எதிர்கொள்வர். கும்பெனி ஆட்சிக்கு முந்திய காலத்தைச் சொல்ல வரும்போது ‘அனார்க்கி’ என்று எழுதி மேலே சென்றுவிடுவது அவர்களுள் பலரது வழக்கம். நம்மவரும் அதனை ‘அராஜகம்’ எனப் பெயர்த்து ஏற்றுக்கொண்டனர். அச்சொல்லின் பிறப்பை ஆராய்ந்தால், அது நம் திண்டுக்கல் சீமைக்குப் பொருந்துமா என்பது விளங்கும்.

இது கிரேக்கச் சொல். ‘அன்’ என்பது இன்மையைக் குறிக்கும் முன்னொட்டு; ‘ஆர்க்கோஸ்’ என்றால் தலைவன். 16ஆம் நூற்றாண்டில் இது ஆங்கிலத்தில் புகுந்தது. வடமொழியின் ‘அராஜகம்’ என்பதும் அரசனின்மையே. அரபியில் இதற்கு இணையானது ‘ஃபவ்ழா’. தலைவனின்றி எல்லாரும் சமநிலையில் இருக்கும் கூட்டத்தைப் பழைய அரபிகள் ‘கவ்முன் ஃபவ்ழா’ என்றனர். பொறுப்பை ஒப்படைத்தலைக் குறிக்கும் ‘தஃப்வீழ்’ என்பதும் அதே வேரில் கிளைத்ததே. ஆக, மூன்று மொழிகளிலும் தலைவனின்மையே முதற்பொருள். குழப்பமும் கொடுமையும் பின்னர் வந்து ஒட்டிக்கொண்டவை.

கிரேக்க வரலாற்றிலேயே இச்சொல்லுக்கு ஒரு விந்தையான பயன்பாடு உண்டு. ஏதென்ஸ் நகரில் ‘ஆர்க்கோன்’ என்னும் அதிகாரியின் பெயராலேயே ஒவ்வோர் ஆண்டும் வழங்கும். கி.மு. 404இல் அந்நகர் ஸ்பார்ட்டாவிடம் தோற்றபின் முப்பதின்மர் கொடுங்கோல் செலுத்தினர். அப்போதும் ஓர் ஆர்க்கோன் இருக்கவே செய்தார். ஆயினும் ஏதென்ஸ் மக்கள் அவரை ஏற்க மறுத்து, அவ்வாண்டை ‘அனார்க்கியா’ என்றே குறித்தனர். தலைவன் இருந்தும் இல்லையென்றனர்! அவனை ஏற்பதும் மறுப்பதும் பெயர் சூட்டுவோரின் கையில் இருப்பதை இது காட்டுகிறது.

இனி, திண்டுக்கல்லுக்கு வருவோம். மதுரை நாயக்கர் காலம் முதலே இச்சமவெளியில் பாளையங்கள் இருந்தன. பாளையக்காரர் வரி தண்டினர், படை வைத்திருந்தனர், காவல் உரிமையும் பெற்றிருந்தனர். களவு போன பொருளை மீட்டுத் தருவது அல்லது அதற்கு ஈடு செய்வது காவற்காரரின் கடமை. 1755இல் ஹைதர் அலி மைசூரின் ஃபவுஜ்தாராகத் திண்டுக்கல்லில் அமர்ந்தார். 1772இல் கணவரைப் போரில் இழந்த சிவகங்கை அரசி வேலுநாச்சியார் அடைக்கலம் பெற்றது இங்குள்ள விருப்பாட்சிப் பாளையத்தில்தான். ஹைதரின் உதவியும் அவருக்குக் கிட்டியது. பாளையக்காரர் யாவரும் நீதிமான்கள் என்பது நம் கருத்தன்று. பூசல்கள் இருந்தன, போரால் குடிகள் துயருற்றனர். ஆனால் தலைவனின்மை இங்கில்லை. தலைவர் பலராய் இருந்தனர் என்பதே உண்மை.

1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் கும்பெனியிடம் சேர்ந்தது. அதன்பின் பழைய பாளையக்காரர் ‘அடங்காதவர்’ ஆயினர். கும்பெனியை எதிர்த்துத் திண்டுக்கல் கூட்டணியை நடத்திய விருப்பாட்சி கோபால நாயக்கர் 1801இல் தூக்கிலிடப்பட்டார். அதே ஆண்டு ஜூனில் சின்ன மருது வெளியிட்ட திருச்சிப் பிரகடனம் நான்கு வருணத்தாரையும் முஸ்லிம்களையும் ஒருசேர விளித்தது. நாட்டை வஞ்சகமாய்க் கவர்ந்து சீர்குலைத்தோர் ஐரோப்பியரே என்பது அதன் குற்றச்சாட்டு. ஒரே நாடு, ஒரே காலம். குழப்பம் யாரால் என்பதற்கு மட்டும் இரு விடைகள்!

வென்றவரின் விடையே ஏடுகளில் நிலைத்தது. பள்ளியில் நம் பிள்ளைகள் ‘அராஜகக் காலம்’ என்று படித்து வந்தால், அவர்களிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: தலைவனே இல்லையா, அல்லது எழுதியவர் ஏற்காத தலைவர்கள் இருந்தனரா? இவ்விரண்டையும் பிரித்தறியக் கற்ற பிள்ளை, திண்டுக்கல் மலைக்கோட்டையைப் பார்க்கும்போது, அங்கே ஆண்டவர்களையும் பார்க்கும்.