படகு எரிபொருள் இறைப்பி

படகு எரிபொருள் இறைப்பி என்பது இயந்திரப் படகின் தொட்டியிலிருந்து எரிபொருளை இழுத்துப் பொறிக்கு அளிக்கும் கருவியாகும். பேச்சு வழக்கில் இது ஃபியூவல் பம்பு எனப்படுகிறது. இறைப்பியின் பழுதாகக் கருதப்படுபவற்றுள் பல, உண்மையில் அதற்கு முன்னுள்ள தொட்டி, குழாய், வடிகட்டி ஆகியவற்றில் தோன்றுபவை.

காவிரி வடிநிலத்தின் தென்கோடியில், திருவாரூர் மாவட்டத்தில் அமைந்துள்ள முத்துப்பேட்டைக் காயலையும் அலையாத்திக் காட்டையும் சுற்றுலாப் பயணிகள் இயந்திரப் படகுகளில் சென்று காண்கின்றனர். சாலை எட்டாத இத்தகைய நீர்வழியில் பொறி நின்றுவிட்டால், படகு காற்றில் ஒதுங்கிச் சேற்றில் தரைதட்டக்கூடும். எனவே பழுதை முன்கூட்டியே அறிதல் இன்றியமையாதது.

வகைகள்

டீசல் பொறிகளில் ஊட்டு இறைப்பி, உட்செலுத்து இறைப்பி என இரண்டு உள்ளன. முன்னது எரிபொருளை வடிகட்டி வழியாகக் கொண்டுவரும். பின்னது அதனை மிகை அழுத்தத்தில் தெளிப்பானுக்கு அனுப்பும். பல உட்செலுத்து இறைப்பிகளின் நுண்ணிய பாகங்களுக்கு டீசலே மசகாகவும் பயன்படுவதால், நீர் கலந்த டீசல் அவற்றைத் துருப்பிடிக்கச் செய்து தேய்த்துவிடும்.

படகின் பின்புறம் மாட்டப்படும், கார்புரேட்டர் கொண்ட பெட்ரோல் பொறிகளில் பெரும்பாலும் சவ்வு இறைப்பி காணப்படும். பொறியினுள் மாறிமாறி ஏற்படும் அழுத்தத்தால் இதன் சவ்வு அசைந்து இயங்குகிறது.

காரணங்கள்

* தொட்டியில் நீர், துரு, கசடு சேர்தல்
* தொட்டியின் காற்றுத்துளை அடைபடுதல்
* குழாய் இணைப்புகள் வழியே காற்று புகுதல்
* சவ்வு விறைத்தல் அல்லது கிழிதல்

இந்தியாவில் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கு 2025 ஆம் ஆண்டில் எட்டப்பட்டது. எத்தனால் நீரை ஈர்க்கும் தன்மையது. நீர் மிகும்போது இரண்டும் பெட்ரோலிலிருந்து பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். பழைய வகை ரப்பர் பாகங்களும் எத்தனாலால் சிதையக்கூடும்.

பழுதறிதல்

முதலில் எரிபொருளின் அளவு, காற்றுத்துளை, வடிகட்டிக் கிண்ணத்தில் நீர் உள்ளதா என்பவை பார்க்கப்படும். தொட்டியின் மூடியைத் தளர்த்தியதும் பொறி சீரடைந்தால் காற்றுத்துளை அடைபட்டுள்ளது.

பின்மாட்டுப் பொறிகளின் குழாயில் உள்ள ரப்பர் குமிழும் பழுதைக் காட்டும். குமிழ் சப்பிப்போனால் தொட்டிப் பக்கம் அடைப்பு உள்ளது. அழுத்தியும் இறுகாவிடில் பெரும்பாலும் காற்று புகுகிறது அல்லது குமிழின் தடுக்கிதழ் பழுதடைந்துள்ளது. குமிழை அழுத்தும்போது மட்டும் பொறி சீராக ஓடினால், இறைப்பியிலோ அதற்கு முந்தைய குழாயிலோ குறை உள்ளது.

டீசல் குழாயில் காற்று அடைத்திருந்தால், வடிகட்டியின் காற்றுநீக்கத் திருகைத் தளர்த்தி, குமிழிகள் நிற்கும்வரை ஊட்டு இறைப்பியின் கைப்பிடியை இயக்க வேண்டும். பொறியோடு இணைந்த ஊட்டு இறைப்பியின் சவ்வு கிழிந்தால், டீசல் மசகெண்ணெயில் கலந்து அதன் மட்டம் உயரலாம். அந்நிலையில் பொறியை இயக்கலாகாது.

தடுப்பு முறைகள்

* நீர் பிரிக்கும் வடிகட்டி பொருத்தி, அதில் தேங்கும் நீரை அவ்வப்போது வெளியேற்றல்
* வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் டீசல் படகு நிறுத்தப்படும்போது தொட்டியை நிரப்பி வைத்தல். வெற்றிடம் குறைவதால் உள்ளே படியும் நீர் குறையும்
* பெட்ரோலைப் பல மாதங்கள் தேக்கி வைக்காதிருத்தல்
* குழாய், சவ்வு, வடிகட்டி ஆகியவற்றை உரிய காலத்தில் மாற்றல்
* மாற்று வடிகட்டி, துடுப்பு, நங்கூரம் ஆகியவற்றைப் படகில் வைத்திருத்தல்

பாதுகாப்பு

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடித்தளத்தில் தேங்கி, சிறு தீப்பொறியாலும் வெடிக்கக்கூடும். ஆதலால் உட்பொருத்திய பெட்ரோல் பொறிகளுக்கு மகிழுந்து இறைப்பியை மாற்றாகப் பொருத்தாமல், கசிவை வெளிவிடாத கடல்சார் வகையையே பயன்படுத்த வேண்டும். பெட்ரோல் மணம் இருக்கையில் பொறியை இயக்குதல் கூடாது.