‘நிற்க’ இருந்த இடத்தில் ‘பொருள்’: தமிழ் வணிக, அலுவலகக் கடிதங்களின் வடிவ மாற்றம்

தபாலில் கடிதம் எழுதிப் பழகியவர்களுக்கு ‘நிற்க’ என்ற சொல்லின் வேலை தெரியும். ‘இவ்விடம் நலம், அவ்விடம் நலமறிய அவா’ என்று தொடங்கி, வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் விசாரித்து முடித்ததும் ‘நிற்க’ என்று எழுதுவார்கள். பணம், நிலம், சரக்கு, சம்பந்தம் எல்லாம் அதற்குப் பிறகுதான். இன்றைய அலுவலகக் கடிதத்தில் விஷயம் தொடக்கத்திலேயே, ‘பொருள்’ என்ற தலைப்பின்கீழ் வந்துவிடுகிறது. நடுவில் இருந்தது எப்படி உச்சிக்கு ஏறியது? கடிதத்தை முதலில் கையில் வாங்குபவர் மாறியதே காரணம் என்று கருதுகிறேன்.

பழைய நிலையைச் சோழர் காலத் திருமுகங்களில், அதாவது அரச ஓலைகளில், காணலாம். நாகப்பட்டினத்துச் சூளாமணி பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்ததைச் சொல்லும் பெரிய லெய்டன் செப்பேடு, முதலாம் இராசராசனின் 21ஆம் ஆட்சியாண்டு ஆணை பல கைகளைக் கடந்து வந்ததைப் பதிவு செய்திருக்கிறது. அரசன் வாயால் சொன்னது ஓலையில் ஏறுகிறது; திருமந்திர ஓலை நாயகங்கள் அதைச் சரிபார்க்கிறார்கள்; பிறகு வரிக் கணக்கில் பதிகிறார்கள். அவ்வளவு கட்டுக்கோப்பான அலுவலகம் அது. ஆனால் ஓலை போய்ச் சேரும் இடத்தில் நடப்பது வேறு. நாட்டார் எதிர்கொண்டு சென்று, தொழுது வாங்கி, தலைமேல் வைத்து, பெண் யானையை நடத்தி எல்லை சுற்றி வந்ததை அக்காலச் செப்பேடுகள் சொல்கின்றன. என்ன செய்தி என்பதற்கு முன், யாரிடமிருந்து வந்தது என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அரசனின் பெயரும் பட்டமும் முன்னே வர, நிலத்தின் நான்கெல்லை பின்னே வருகிறது.

செட்டிநாட்டு நகரத்தாரின் வணிகக் கடிதங்களிலும் அனுப்பியவரே முதலில் தெரிவார். பர்மா, மலேயா, இலங்கை என்று பரவிய அவர்களது கொடுக்கல் வாங்கலை, பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணையில் அனுப்பப்பட்ட ஏஜெண்டுகள் நடத்தினார்கள். முதலாளி காரைக்குடியில், கடை ரங்கூனில். இடையே நம்பிக்கையைக் கட்டிக்காத்தது கடிதமும் ஐந்தொகையும்தான். ‘விலாசம்’ என்றால் அவர்களுக்கு முகவரி மட்டும் அன்று. முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த கடைப் பெயரும் விலாசமே. உண்டியல் என்ற பணமுறியை நம்பிப் பணம் கொடுத்தவர் அந்த எழுத்துகளை நம்பித்தான் கொடுத்தார். இன்று லெட்டர்ஹெட் செய்கிற வேலை அது. ‘தங்கள் கடிதம் கிடைத்து விபரம் அறிந்தோம்’ என்பது அக்கால வணிகக் கடிதங்களின் வழக்கமான வரி. முந்தைய கடிதத்தைச் சுட்டும் அலுவலகக் கடிதத்தின் ‘பார்வை’ செய்வதும் இதே வேலைதான்.

1879இல் காலணா அஞ்சலட்டை வந்தது. தாள் சிறுத்ததால் நல விசாரணையும் சிறுத்தது. இங்கே கவனிக்க வேண்டிய வழக்கம் ஒன்று உண்டு. நல்ல செய்தி என்றால் மூலைகளில் மஞ்சள், சாவுச் செய்தி என்றால் ஓரத்தில் கறுப்பு. எழுத்தறியாதவரும் கார்டைப் பார்த்ததுமே விஷயத்தின் தன்மையை அறிந்தார். ‘பொருள்’ என்ற வரிக்கு நம் வீடுகளில் இருந்த முன்னோடி இந்த மஞ்சள்தான்.

அலுவலகத்தில் அந்த வரி தேவைப்பட்டதற்குக் காரணம் பதிவேடு. சென்னை மாகாண அலுவலகங்களில் வேரூன்றிய டாட்டன்ஹாம் முறையில், வந்த தபால் பகிர்மானப் பதிவேட்டில் ஏறி, எண் பெற்று, பிரிவு எழுத்தரின் தன்பதிவேட்டுக்குப் போகும். அதிகாரி பார்ப்பதற்கு முன்பே எழுத்தர் ஒருவர் அதன் சாரத்தை ஒரு வரியில் குறிக்க வேண்டும். பதிவேட்டின் அந்தக் கட்டம்தான் கடிதத்துக்குள் ‘பொருள்’ ஆகக் குடியேறியது என்பது என் முடிவு. கடிதம் இப்போது முதலில் முன்பின் அறியாத ஒருவருக்காக எழுதப்படுகிறது. அவருக்கு நல விசாரணையால் பயனில்லை. பணிவு மட்டும் கடைசி வரியில் தங்கிவிட்டது. ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள’ என்று நாம் பள்ளியில் எழுதியது, ஆங்கிலக் கடித முடிப்பின் தமிழ் வடிவம்.

1956இன் ஆட்சிமொழிச் சட்டத்துக்குப் பிறகு இந்தச் சட்டகம் தமிழ்ச் சொற்களைப் பெற்றது: அனுப்புநர், பெறுநர், சுற்றறிக்கை, குறிப்பாணை, நேர்முகக் கடிதம், நினைவூட்டு. மொழிபெயர்ப்பின் வாடை வீசாத நல்ல சொற்கள். ‘அனுப்புனர்’ என்று பலர் எழுதுவது வருத்தம் தருகிறது. ஓட்டுநர், இயக்குநர் போல இதிலும் ‘நர்’தான் விகுதி.

மின்னஞ்சல் இந்த வரலாற்றில் பெரிய முறிவு அன்று. ரே டாம்லின்சன் 1971இல் கணினிகளுக்கிடையே செய்தி அனுப்பினார். 1982இல் வகுக்கப்பட்ட தரத்தில் அனுப்புநர், பெறுநர், தேதி, பொருள், நகல் என்ற தலைப்புகள் உறுதியாக இருந்தன. அமெரிக்க அலுவலகக் குறிப்பாணையின் தலைப்பே அது; கார்பன் தாளின் நினைவு ‘சிசி’ என்ற இரண்டெழுத்தில் இன்னும் இருக்கிறது. தமிழில் தடையாக இருந்தது எழுத்துரு. பாமினி என்ற எழுத்துருவில் தட்டிய மடல் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறக்கும்போது, ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். அதனால் கடிதத்தை அச்சிட்டு, ஒப்பமிட்டு, ஸ்கேன் செய்து இணைப்பாக அனுப்பும் பழக்கம் வலுத்தது. தமிழக அரசு 2010இல் யூனிகோடை ஏற்ற பின்பும் அது போகவில்லை. ‘ஐயா, இணைப்பைக் காண்க’ என்ற ஒற்றை வரியோடு பி.டி.எஃப். வருகிறது.

ஸ்கேன் செய்த தாள் பெரும்பாலும் வெறும் படம். அதற்குள் இருக்கும் சொற்களைத் தேடலில் பிடிக்க முடியாது. தேடுபவருக்கு மிஞ்சுவது மேலே உள்ள ஒரு வரி மட்டுமே. அங்கே ‘கடிதம் தொடர்பாக’ என்று எழுதினால், ஆறு மாதம் கழித்து அந்த மடலை எவரும் கண்டெடுக்க முடியாது. ‘குடிநீர் இணைப்பு, மே மாத விண்ணப்பம், பதில் வேண்டுதல்’ என்று எழுதினால் கண்டெடுக்கலாம்.