ஆபீஸ் வாசலைத் தாண்டிய குரல்

இலங்கையின் பதுளைத் தேயிலைத் தோட்டங்களில் கைத்தொலைபேசியின் வரலாற்றைத் தபாலிலிருந்து தொடங்குவதே சரி. தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்கு அன்று தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்ட ஆபீசுக்கு வந்து, அங்கிருந்துதான் கைமாறும். பிந்தியும் வரும், வராமலும் போகும். 1989இல் செல்டெல் தெற்காசியாவின் முதல் கைத்தொலைபேசிச் சேவையைத் தொடங்கியபோதும், 1995இல் டயலொக் டிஜிட்டல் வலையமைப்போடு வந்தபோதும் இந்த ஏற்பாடு அசையவில்லை. அன்றைய கைத்தொலைபேசி கொழும்பு முதலாளிமாரின் பொருள். அசைத்தது விலைப் போட்டியும், மாத பில் இல்லாத ரீலோட்டும்தான் என்பேன். பில்லுக்கு முகவரி வேண்டும்; ரீலோட்டுக்குப் பக்கத்துக் கடையும் கொஞ்சம் சில்லறையும் போதும். கொழும்புக் கடையில் வேலைக்கு நிற்கும் மகனின் குரல் ஆபீஸ் வாசலைத் தொடாமலே லயத்துக்குள் வந்தது.

போட்டி இருந்தால் சிக்னல் தானாக மலையேறிவிடுமா என்று கேட்கலாம். ஏறாது. ஆள் நெருக்கம் பார்த்துத்தான் கோபுரம் நடுகிறார்கள். ஒரு மேடு மறித்தாலே பள்ளத்தில் அலை நின்றுவிடும். 2021இல், கொரோனாக் காலத்தில், பதுளை மாவட்டத்தின் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் இணையவழிப் பாடத்துக்காகப் பாறை மேல் ஏற வேண்டியிருந்தது. அது தோட்டம்கூட அல்ல. போட்டியும் இப்போது மெலிந்துவிட்டது: செல்டெல் டிகோவாகி, எடிசலாட்டாகி, 2018இல் ஹட்சுக்குள் கரைந்தது, 2024இல் எயார்டெல் டயலொக்கோடு சேர்ந்தது. ஐந்து நிறுவனங்கள் இருந்த நாட்டில் இன்று மூன்றே இருக்கின்றன. லயத்துக்குத் தனி முகவரியோ பல தோட்டங்களில் இன்னும் வரவில்லை.