ஒரு மூலக்கூறின் வழக்கு



ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்கு அருகே ஒரு பள்ளியில் நான் சில ஆண்டுகள் பணியாற்றினேன். பொருளின் வடிவம் மாறுவது வேறு, பொருளே மாறுவது வேறு என்பதை விளக்க, சர்க்கரையையும் கற்கண்டையும் மேசைமேல் வைத்துக் காட்டுவது என் வழக்கம். ஒரு நாள் பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, சாமையைச் சோறாக்கினாலும் சாமைதான், களியாகக் கிண்டினாலும் சாமைதான்" என்றான். வகுப்பு சிரித்தது. சமைப்பது வேதி மாற்றம் என்று நான் அவனைத் திருத்தியிருக்க வேண்டும். ஆயினும் அவன் கருத்தின் அழகில் மயங்கி விட்டுவிட்டேன். ஏறக்குறைய அதே வினா, பிற்காலத்தில் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் எழுந்து, உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

இரத்தப் புற்றுநோயில் ஒருவகை உண்டு. அந்நோயாளிகளின் இரத்த அணுக்களில் இயல்புக்கு மாறான சிறிய குரோமோசோம் ஒன்று இருப்பதை, 1960-இல் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்போர்டு என்னும் இருவர் கண்டனர். ஒன்பதாம் குரோமோசோமின் துண்டும் இருபத்திரண்டாம் குரோமோசோமின் துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொள்வதே இதற்குக் காரணம் என்பதை, சிகாகோவைச் சேர்ந்த ஜேனட் ரௌலி என்னும் அம்மையார் 1973-இல் விளக்கினார். இந்தத் தவறான ஒட்டினால் தோன்றும் ஒரு புரதம், ஓயாமல் "பெருகு, பெருகு" என்று அணுக்களுக்குக் கட்டளையிடுகிறது. கதவைத் திறந்தே வைத்துவிட்ட பூட்டு என்று அதனைக் கருதுங்கள்.

அப்பூட்டுக்குள் நுழைந்து அதனை முடக்கும் சாவியைச் செய்ய முடியுமா? சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், சிபா-கைகி நிறுவனத்தின் வேதியியலார் முயன்றனர். யுர்க் சிம்மர்மன் என்பவர் ஓர் எளிய மூலக்கூறை எடுத்து, அதில் சிறிது சிறிதாக மாற்றங்கள் செய்தார். ஓரிடத்தில் ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்ததும், அம்மூலக்கூறின் உருவம் சற்றே திரும்பியது. வேண்டாத வேறொரு புரதத்தை அது பற்றுவது நின்றது. நீரில் கரைவதற்காக மற்றொரு தொகுதியும் சேர்க்கப்பட்டது. ஒரு கரியணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் செய்த வேலையைப் பாருங்கள்! இவ்வாறு பிறந்ததே இமாட்டினிப். அமெரிக்க மருத்துவர் பிரையன் டிரக்கர் இதனை நோயாளிகளுக்கு அளித்துச் சோதித்தார். நாளொன்றுக்கு 300 மில்லிகிராமும் அதற்கு மேலும் பெற்ற 54 பேரில், 53 பேருக்கு இரத்த அணுக்களின் எண்ணிக்கை இயல்பு நிலைக்குத் திரும்பியது. 2001 மே மாதம் அமெரிக்கா இம்மருந்துக்கு அனுமதி வழங்கியது. இதனைச் செய்தவர்களின் அறிவையும் உழைப்பையும் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

இனி நம் நாட்டுச் சட்டத்தைப் பார்ப்போம். வெள்ளையர் காலத்து 1911-ஆம் ஆண்டுச் சட்டமே விடுதலைக்குப் பின்னும் நீடித்தது. அதனை ஆராயும் பணி, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாயிருந்த இராஜகோபால ஐயங்காரிடம் 1957-இல் ஒப்படைக்கப்பட்டது. இந்தியாவில் அளிக்கப்பட்ட காப்புரிமைகளில் மிகப் பெரும்பான்மை அயல்நாட்டார் கையில் இருந்ததையும், அவற்றுள் பெரும்பாலானவை இங்கே தொழிலாக நடைபெறவே இல்லை என்பதையும் அவரது 1959-ஆம் ஆண்டு அறிக்கை எடுத்துக்காட்டிற்று. அதன் பயனாக வந்த 1970-ஆம் ஆண்டுச் சட்டம், மருந்துப் பொருளுக்கு உரிமை இல்லை, அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே உரிமை என்றது. இது புதுமையன்று. ஜெர்மனியின் 1877-ஆம் ஆண்டுச் சட்டமும் வேதிப்பொருள்களுக்கு இவ்வாறே விதித்திருந்தது. சுவிட்சர்லாந்தே மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை வழங்கத் தொடங்கியது 1970-களின் பிற்பகுதியில்தான்.

உலக வணிக அமைப்பில் சேர்ந்ததன் கட்டாயத்தால், 2005 ஜனவரி முதல் இந்தியாவிலும் மருந்துப் பொருளுக்கு உரிமை வந்தது. ஆனால் நாடாளுமன்றம் அப்போது 3(டி) என்னும் பிரிவைத் திருத்தி அமைத்தது. தெரிந்த பொருளின் புதிய வடிவம், அதன் பலனை உயர்த்திக் காட்டினாலன்றிக் காப்புரிமை பெறாது என்பது அதன் சாரம்.

சிபா-கைகியும் சாண்டோசும் இணைந்து உருவான நோவார்ட்டிஸ் நிறுவனம், இமாட்டினிப் மெசிலேட் என்னும் உப்பின் "பீட்டா" படிக வடிவத்திற்கு உரிமை கோரி, 1998-இல் சென்னையில் விண்ணப்பித்திருந்தது. புற்றுநோயாளர் உதவிச் சங்கம் ஒன்றும், இந்திய மருந்து நிறுவனங்கள் சிலவும் அதனை எதிர்த்தன. எதிர்ப்பின் காரணம் விலை. நோவார்ட்டிஸின் மருந்துக்கு மாதம் ஏறக்குறைய 1,20,000 ரூபாய். உள்நாட்டு மருந்துக்கு 8,000 முதல் 10,000 ரூபாய். சாமையும் தேனும் விற்று வாழும் மலைக் குடும்பத்துக்கு இரண்டாவது தொகையே மலைப்பானது. முதலாவதைப் பற்றிப் பேச்சே இல்லை. பெரும்பாலான நோயாளிகளுக்குத் தாம் இலவசமாகவே அளிப்பதாக நிறுவனம் கூறியதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தைத் தள்ளியது. சட்டப் பிரிவே செல்லாது என்று நிறுவனம் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் தள்ளியது. இறுதியில், 2013 ஏப்ரல் 1 அன்று, நீதிபதிகள் அஃப்தாப் ஆலம், ரஞ்சனா பிரகாஷ் தேசாய் ஆகியோர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை வழங்கினர். அந்த உப்பு, சிம்மர்மனின் பழைய காப்புரிமையிலேயே அடங்கிவிட்ட பொருள். பீட்டா படிகம் எளிதாகக் கொட்டும், ஈரத்தைக் குறைவாக ஈர்க்கும், நெடுநாள் நிலைத்திருக்கும்; இவை தயாரிப்பவருக்கு வசதிகளே. பலன் என்றால் நோயைத் தீர்க்கும் பலன். உடலில் 30 விழுக்காடு கூடுதலாகச் சேர்கிறது என்று காட்டினால் போதாது, அதனால் நோய் மேலும் தணிகிறது என்றும் காட்ட வேண்டும். நீதிபதிகளின் வாதம் இவ்வழியில் சென்றது. என் சர்க்கரையும் கற்கண்டும் அப்போது எனக்கு நினைவுக்கு வந்தன.

புது வடிவங்களை ஆராயும் ஊக்கம் இதனால் குன்றும் என்போரும் உண்டு. ஒரு படிகத்தைக் கண்டறிவதும் உழைப்புத்தானே என்று அவர்கள் கேட்பது புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும், அடிப்படை மூலக்கூறுக்கு ஒருமுறை உரிமை பெற்று, அது முடியும் தறுவாயில் உப்புக்கு ஒன்று, படிகத்துக்கு ஒன்று என நீட்டித்துக்கொண்டே போவதில் உழைப்பைவிடக் கணக்கே மிகுதி என்பது என் எண்ணம். பிலிப்பைன்ஸ் நாடு 2008-இலேயே தன் சட்டத்தில் இதையொத்த பிரிவைச் சேர்த்துக்கொண்டது.

அந்த விண்ணப்பத்தின் எண் 1602/எம்.ஏ.எஸ்/1998. நகரின் பெயர் 1996-இல் சென்னை என்று மாறிய பின்னும், அலுவலகக் கோப்பில் பழைய மதராஸின் முதலெழுத்துகள் நிலைத்துவிட்டன.