துப்புக்கூலியும் கைரேகையும்

1920 ஏப்ரலில் அமெரிக்காவில் ‘பிளாக் மாஸ்க்’ என்ற மலிவு விலைக் கதை இதழ் வெளிவரத் தொடங்கியது. எச்.எல். மென்கெனும் ஜார்ஜ் ஜீன் நேதனும் தங்கள் இலக்கியப் பத்திரிகையின் நஷ்டத்தைச் சரிக்கட்டத் தொடங்கிய இதழ் அது. சில ஆண்டுகளில் டாஷியல் ஹாமெட்டும், அவருக்குப் பின் ரேமண்ட் சாண்ட்லரும் அதில் எழுத வந்தார்கள். குற்றக் கதையின் முகமே மாறிப்போனது. மாளிகை விருந்தும் விஷக் கோப்பையும் ஒதுங்கின. விலைபோன போலீஸும், பணக்காரன் கைக்குள் இருக்கும் ஊரும், நாள் கூலிக்குத் துப்பறியும் ஆளும் முன்னால் வந்தார்கள். ஹாமெட் பிங்கர்ட்டன் என்ற தனியார் துப்பறியும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். தெரிந்ததைத்தான் எழுதினார்.

அதே 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி காலை, மதுரை மாவட்டம் பெருங்காமநல்லூரை ஆயுதப் போலீஸ் சூழ்ந்தது. ஊர் ஆண்களின் கைரேகையைப் பதிவு செய்ய வந்திருந்தார்கள். குற்றம் செய்தவர்களுடைய ரேகையை மட்டும் கேட்கவில்லை, பிறமலைக் கள்ளராகப் பிறந்தவர்களின் ரேகையைக் கேட்டார்கள். ஊர் மறுத்தது. துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். காயம்பட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனபோது மாயக்காள் கொல்லப்பட்டார் என்று அந்தப் பக்கத்து மக்கள் இன்றும் சொல்கிறார்கள். பிடிபட்டவர்கள் விலங்கு பூட்டப்பட்டுத் திருமங்கலம் வரை நடத்திச் செல்லப்பட்டார்கள்.

பெருங்காமநல்லூரிலிருந்து ஏழுமலை, மல்லப்புரம் வழியாக மலையேறி மறுபுறம் இறங்கினால் மயிலாடும்பாறை. மூல வைகை மழைக்காலத்தில் புரண்டோடி, கோடையில் வெறும் மணலாகக் கிடக்கும் ஊர். சுற்றிலும் தென்னையும் இலவமரமும், மேற்கே மேகமலை. அந்த மலைக்கு அப்பால் கம்பம் பள்ளத்தாக்கு. 1895-இல் பெரியாறு அணை திறக்கப்பட்டதும் பள்ளத்தாக்கில் நெல் வயல் பெருகியது. அதே தண்ணீர் வைகையில் சேர்ந்து மதுரைக்கும் மேலூருக்கும் போனது, நடுவில் இருந்த உசிலம்பட்டி மேட்டுக்கு மட்டும் எட்டவில்லை. பிழைப்புத் தேடி அங்கிருந்து குடும்பம் குடும்பமாகப் பள்ளத்தாக்குக்கும், மயிலாடும்பாறை இருக்கும் வருசநாட்டுக்கும் ஆட்கள் வந்தது இப்படித்தான். யார் எங்கே போனார்கள், ஏன் போனார்கள் என்பதைத் தண்ணீரை விட்டுவிட்டு எழுத முடியாது.

தமிழில் சரித்திரக் குற்றக் கதை எழுத நினைப்பவருக்கு இதைவிட வளமான நிலம் கிடையாது. ஆனால் உள்ளே நுழையும் முன் இரண்டு விஷயங்கள் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, காவல். மதுரைக்கு மேற்கே கிராமம் கிராமமாகக் கள்ளர்கள் காவல் உரிமை வைத்திருந்தார்கள். களத்தில் நெல் அளக்கும்போது காவல்காரனுக்கும் ஒரு பங்கு உண்டு. களவு போனால் பொருளை மீட்டுத் தருவதோ, ஈடு கொடுப்பதோ அவன் பொறுப்பு. இதன் மறுபக்கம்தான் துப்புக்கூலி. ஒரு சம்சாரியின் உழவு மாடு ராத்திரி காணாமல் போகிறது. அவர் ஸ்டேஷனுக்குப் போவதில்லை. துப்புத் தெரிந்த ஆளைப் பார்க்கிறார், பேரம் நடக்கிறது. மாட்டின் விலையில் பாதி என்று பொதுவாக முடிவாகும். பணம் கைமாறியபின், ஆளில்லாத ஓரிடத்தில் மாடு கட்டிக் கிடக்கும். யார் அவிழ்த்தது என்று யாரும் கேட்கக் கூடாது, வழக்கும் கூடாது. 1906-இல் வெளிவந்த மதுரை மாவட்ட கெஜட்டியரும் 1909-இல் வந்த தர்ஸ்டனின் சாதி நூல்தொகுதியும் இந்த ஏற்பாட்டை வெள்ளைக்கார அதிகாரிகளின் பார்வையில் பதிவு செய்திருக்கின்றன.

ஹாமெட்டின் துப்பறிவாளனுக்கு இந்தப் பேரம் உடனே விளங்கியிருக்கும். திருடன், காவல்காரன், துப்பறிபவன் என்று மூன்று பேர் தேவைப்படும் கதையில் இங்கே ஒரே ஆள் மூன்று வேஷமும் கட்ட முடியும். அவனுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு, சொன்ன சொல்லுக்கு விலை உண்டு. 1859-இல் சென்னை மாகாணத்துக்கென்று சட்டம் போட்டுச் சம்பளப் போலீஸை உருவாக்கிய அரசுக்கு, இப்படி இன்னொரு காவல் ஓடுவதே குற்றமாகப் பட்டது. ஊர்களுக்குள்ளும் புகைச்சல் இருந்தது. 1896 வாக்கில் திண்டுக்கல் பக்கத்துக் குடியானவர்கள் ஒன்றுகூடி, நிதி திரட்டி, கள்ளர் காவலை நிறுத்தினார்கள். மாடு களவு போனவருக்கு அந்த நிதியிலிருந்து ஈடு கொடுத்தார்கள். களவு நடந்தால் கொம்பு ஊதி ஊரைக் கூட்டினார்கள். வீடுகள் எரிந்தன, கலவரமும் நடந்தது. காவல்கூலி கொடுத்தவன், காவல் செய்தவன் இருவருக்கும் நியாயம் இருந்த சண்டை அது. ஒரு தரப்பை மட்டும் நல்லவர்களாக்கி எழுதினால் கதை செத்துவிடும்.

இரண்டாவது, காகிதம். குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-இல் வட இந்தியாவில் வந்தது. 1911-இல் திருத்திய வடிவில் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. 1914-இல் மதுரையை ஒட்டிய கீழக்குயில்குடிக் கள்ளர்கள்மீது முதலில் ஏவப்பட்டு, அடுத்த சில ஆண்டுகளில் பிறமலைக் கள்ளர் ஊர்கள் எங்கும் பரவியது. கைரேகைகளை வகைப்படுத்திச் சேமிக்கும் கூடம் கல்கத்தாவில் 1897-இலேயே இயங்கத் தொடங்கியிருந்தது. சட்டம் செயல்பட்ட விதம் இதுதான்: பத்து விரல் ரேகையும் பதிவேட்டில் ஏறும். பதிவானவர்களில் பலர் இரவில் ஸ்டேஷனிலோ சாவடியிலோ வந்து படுக்க வேண்டும். கலியாணமோ சாவோ, வெளியூர் போவதென்றால் ராதாரிச் சீட்டு வேண்டும். போன ஊரில் அதை அதிகாரியிடம் காட்டி, வந்த நேரமும் கிளம்பிய நேரமும் எழுதி வாங்க வேண்டும். புது மாப்பிள்ளையும் இரவில் சாவடியில்தான் படுத்தான். ஜுரமாகக் கிடக்கும் குழந்தையை விட்டுவிட்டுத் தகப்பன் கையெழுத்துப் போடப் போனான். இந்தக் கதையில் வாசகர் தேட வேண்டிய ஆயுதம் அரிவாளோ வளரியோ அல்ல, அந்தப் பதிவேடுதான்.

தமிழ்த் துப்பறியும் கதை இந்த நிலத்தைக் கவனிக்க வெகுகாலம் எடுத்துக்கொண்டது. பண்டித நடேச சாஸ்திரியின் ‘தானவன்’ என்ற போலீஸ் நிபுணன் 1894-இலேயே அச்சேறிவிட்டான். ஆரணி குப்புசாமி முதலியார் இங்கிலாந்து நாவல்களைத் தழுவி எழுதிக் குவித்தார். ஜே.ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தன் வீட்டுக்கு வீடு செல்லப்பிள்ளையானான். இவர்களைப் படித்துத்தான் பல தமிழ்க் குடும்பங்கள் நாவல் வாசிக்கவே கற்றன, அந்தக் கடன் பெரிது. ஆனாலும் அந்தக் கதைகளில் போலீஸ் பெரும்பாலும் நியாயத்தின் பக்கம் நின்றது. உசிலம்பட்டிச் சாவடியில் இரவைக் கழித்தவனுக்கு அந்தக் கோவிந்தன் யாரோதான்.

மாற்றம் 2008-இல் வந்தது. சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய நாவல், 2011-க்கான சாகித்ய அகாதெமி விருது பெற்றது. மதுரையின் ஆறு நூற்றாண்டுக் கதையைச் சொல்லிக்கொண்டே, களவும் காவலும் ஒன்றாய் வாழும் தாதனூருக்குள் அது வாசகரைக் கொண்டுபோகிறது. கன்னமிடும் இரவுகளைத் தொழில் தெரிந்தவனின் கண்ணால் எழுதியிருப்பது அதன் பெரிய பலம். அதிலிருந்து ஒரு பகுதியை எடுத்துத்தான் வசந்தபாலன் 2012-இல் ‘அரவான்’ படத்தைச் செய்தார். இராமநாதபுரம் மண்ணிலிருந்து வேல ராமமூர்த்தி ‘குற்றப் பரம்பரை’ எழுதினார்.

இதற்கு எதிர்த்திசையில் போனவர் அபீர் முகர்ஜி. 2016-இல் வந்த அவருடைய முதல் நாவல் 1919 கல்கத்தாவில் நடக்கிறது. துப்பறிபவர் லண்டனிலிருந்து வந்த போலீஸ் அதிகாரி, கூடவே ஒரு வங்காளி உதவியாளர். ஆட்சியின் அழுகலை உள்ளிருந்தே பார்க்க அந்த நாற்காலி உதவுகிறது. மதுரை ஜில்லாவில் 1920-ஐ எழுதுபவர் அந்த நாற்காலியில் யாரை உட்கார வைப்பார்? பதிவேடு எழுதும் ரைட்டரையா, தன் சாதிக்காரர்களின் பெயரைக் கூப்பிட்டு ஆஜர் எடுக்கும் ஊர்த் தலைவரையா, சீட்டில்லாமல் மல்லப்புரம் மலையேறி வருசநாட்டுக்கு நழுவும் இளைஞனையா? மூவருமே பொருந்துவார்கள். தலைவரே கடினமானவர், ஆகவே எழுதத் தகுந்தவர்.

வக்கீல் பாத்திரத்தைக் கற்பனை செய்யத் தேவையே இல்லை. செங்கன்னூரில் பிறந்து மதுரையில் குடியேறிய பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப், இந்தச் சட்டத்தை எதிர்த்துக் கள்ளர்களுக்காக வாதாடினார், எழுதினார். கோட்டில் ரோஜா குத்திக்கொள்ளும் அவரை மக்கள் ‘ரோசாப்பூ துரை’ என்று அழைத்தார்கள். 1938-இல் இறந்தார். சட்டம் போனதை அவர் பார்க்கவில்லை.

சென்னை மாகாணத்தில் 1947-இல் சட்டம் ரத்தானது, நாடு முழுக்க 1952-இல். கள்ளர் சீரமைப்புத் துறை தொடங்கிய பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் நடக்கின்றன. ரத்தான சட்டத்தின் பட்டியலில் இருந்த 68 சமூகங்கள் தமிழ்நாட்டில் சீர்மரபினர் ஆயின. 1979-இல் ஓர் அரசாணை அவர்களுடைய சான்றிதழில் ‘பழங்குடியினர்’ என்பதை ‘வகுப்பினர்’ என்று மாற்றியது. நாற்பது ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2019-இல் வந்த ஆணை, மாநிலத்துக்கு ஒரு பெயர், மத்திய அரசுத் திட்டங்களுக்கு வேறு பெயர் என்று பிரித்துக் கொடுத்தது. ஒரே சான்றிதழ் வேண்டும் என்ற கோரிக்கையோடு அந்தச் சமூகத்தினர் அதன் பிறகும் மனுக் கொடுத்துவந்தார்கள்.